அவர்கள் ஊர் வழக்கும் நம் ஊர்ச் சாமிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியச் சமயங்களை ஐரோப்பியர் எப்படிப் பார்த்துவந்தனர் என்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வாசகர் பகுதியில் வந்த கடிதங்களையும் படித்தேன். நம் தெய்வங்களைப் பேய்கள் என்று அவர்கள் எழுதியதற்கு அறியாமையே காரணம் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். கடிதம் எழுதிய அன்பர்களில் ஒரு சாரார் அதைத் திட்டமிட்ட இழிவுபடுத்தல் என்கின்றனர். மற்றொரு சாரார் மாக்ஸ் முல்லர், ஷோபன்ஹவர் ஆகிய ஜெர்மானிய அறிஞர்களை எடுத்துக்காட்டி, நம்மைப் போற்றியவர்களும் அங்கே உண்டே என்று ஆறுதல் கொள்கின்றனர். மூன்றிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆயினும் பேய் என்று எழுதியவருக்கும் ஞானம் என்று எழுதியவருக்கும் பொதுவான ஒன்றை எவரும் குறிப்பிடவில்லை. இரு தரப்பாருமே பெரும்பாலும் தங்கள் ஊரில் நடந்துகொண்டிருந்த ஒரு வழக்குக்குச் சாட்சி தேடியவர்கள். நம் ஊர்ச் சாமிகள் அந்தச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டன. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வைக்கப்பட்டன.

பேயுருவத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1498-இல் வாஸ்கோ ட காமாவுடன் கோழிக்கோட்டில் இறங்கியவர்கள், அங்கிருந்த கோயிலொன்றைக் கிறித்தவ ஆலயம் என்றே எண்ணி உள்ளே போய் வணங்கினார்கள். சுவரில் தீட்டியிருந்த உருவங்களுக்கு நீண்ட பற்களும் நான்கைந்து கைகளும் இருந்ததைக் கண்ட பிறகும், அவற்றைப் புனிதர்களின் படங்கள் என்றே அந்தப் பயணக் குறிப்பை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். ஆக, முதலில் பார்த்த கண்ணுக்குப் பேய் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1510-இல் லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணியின் நூல் வெளிவந்தது. கோழிக்கோட்டு மன்னரின் வழிபாட்டறையில் சாத்தானே உலோகத்தில் வார்க்கப்பட்டு அமர்ந்திருப்பதாகவும், அதன் தலையில் போப்பாண்டவர் அணிவது போன்ற மூன்றடுக்கு மகுடமும் கொம்புகளும் இருப்பதாகவும், அது ஓர் ஆன்மாவை வாயில் கவ்விக்கொண்டிருப்பதாகவும் அவர் எழுதினார். 1515-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வந்த ஜெர்மன் பதிப்புக்கு யோர்க் பிராய் என்ற ஓவியர் அதைப் படமாகவே வரைந்து கொடுத்துவிட்டார். அவர் இந்தியாவைப் பார்த்தவரல்லர்; அவருக்குத் தெரிந்ததெல்லாம் தம் நாட்டு ஆலயச் சுவர்களில் நரகத்தைக் காட்டத் தீட்டியிருந்த சாத்தான்தான். இந்தப் படங்களின் மூலம் கேரளக் கோயில்களில் இல்லை, ஐரோப்பிய நரகக் காட்சிகளில் இருக்கிறது என்பதைக் கலை வரலாற்றாசிரியர் பார்த்தா மித்தர் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

அந்த மகுடத்தைச் சற்றுக் கவனியுங்கள். மார்ட்டின் லூதர் எதிர்ப்பைத் தொடங்கிய 1517-க்குப் பிறகு, ரோமாபுரித் திருச்சபையோடு மோதிய சீர்திருத்தச் சபையாருக்கு இத்தகைய ஒப்பீடுகள் மிகவும் கைகொடுத்தன. மணி, தூபம், உருவ வழிபாடு, தேர், ஊர்வலம் என்று நம்மிடம் கண்டவற்றையெல்லாம் அடுக்கி, ரோமும் இப்படித்தானே என்று அவர்களால் கேட்க முடிந்தது. ஏச்சு நம் பக்கம் பார்த்துச் சொல்லப்பட்டது. அடி விழ வேண்டிய முதுகு வேறு இடத்தில் இருந்தது.

இங்கேயே வந்து தங்கியவர்கள் எழுதியது மட்டும் வேறாக இருந்ததா? எங்கள் வடசென்னைக்கு அருகிலேயே அதற்கு விடை கிடைக்கும். பொன்னேரி வழியாகப் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய பழவேற்காடு, பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் முதன்மையான இடமாக இருந்தது. 1630-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துகீசிய மொழியில் கேட்டுக் கேட்டு அவர் எழுதிவைத்த நூல், அவர் மறைந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பிறகு ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போயிற்று. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாகப் படிக்கக் கிடைத்தது அந்நூலில்தான். கூச்சல் போடாமல், நோன்பையும் மணத்தையும் ஈமச் சடங்கையும் பொறுமையாகக் கேட்டு எழுதியவர் என்ற நல்ல பெயர் ரோஜேரியஸுக்கு உண்டு. அது அவருக்குத் தகும். எனினும், பத்மநாபனைப் போன்ற ஓரிரு பிராமணர்கள் சொன்னதே இந்தக் கரையின் சமயம் என்று ஐரோப்பாவில் பதிவாகிவிட்டது. அதே ஊரில் ஏரியில் வலை வீசியவர்களும், கம்பெனிக்குத் துணி நெய்து கொடுத்தவர்களும், மரக்கலம் செலுத்திய முஸ்லிம் வணிகர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரை எப்படி வணங்கினார்கள் என்பதை அந்நூலைக் கொண்டு நாம் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. கேட்க எளிதாகக் கிடைத்த ஒருவரிடம் கேட்டுவிட்டு, ஊர் முழுவதையும் கேட்டதாக எழுதும் பழக்கம் அங்கிருந்து இன்றைய தொலைக்காட்சி ஆவணப்படங்கள் வரை தொடர்கிறது.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அதன் நுழைவாயிலில், இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன. உள்ளே குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த பெரிய கற்பலகைகள், வெயிலுக்குக் காய்ந்து கிடக்கின்றன. சாவு எவரையும் விடாது என்று வருகிறவருக்கு நினைவூட்ட அக்கால ஐரோப்பியர் கையாண்ட முறை அது. விவரம் தெரியாத தமிழர் ஒருவர் அந்த வாயிலை மட்டும் பார்த்துவிட்டு, ஒல்லாந்தர்கள் எலும்புக்கூட்டைக் கும்பிடுகிறவர்கள் என்று ஓலையில் எழுதி, அதை நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முந்நூறு ஆண்டுகள் மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காளியின் கழுத்தில் கிடக்கும் மண்டையோட்டு மாலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஐரோப்பியர்கள், தம் கல்லறை வாயிலில் நிற்கும் உருவங்களுக்கு இருப்பது போன்ற விளக்கம் அந்த மாலைக்கும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

தரங்கம்பாடியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழை முறையாகக் கற்றார். ஏடுகளைத் தேடித் தொகுத்தார். 1713-இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூலில் சிவன், திருமால் ஆகியோரோடு நிற்கவில்லை. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர்த் தெய்வங்களுக்கும் தனித்தனியே இடம் கொடுத்தார். ராயபுரத்திலும் சூளையிலும் அங்காள பரமேசுவரி கோயில் வாசலில் நிற்கும் எவருக்கும் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். பிற்காலத்தில் வந்த பெரும் பண்டிதர்கள் பலர் இந்தத் தெய்வங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. சீகன்பால்கு நடுநிலையாளர் என்று நான் சொல்லமாட்டேன். மக்களை மதம் மாற்ற வந்தவர் அவர். இவையெல்லாம் சாத்தானின் மயக்கம் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. ஆனாலும் கேட்டார், கேட்டதை எழுதினார். அந்த எழுத்து என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்த மேலிடம் அதை அச்சிட ஆர்வம் காட்டவில்லை. ஆசிரியர் பெயர்கூட இல்லாத திரிந்த வடிவமொன்று இடையில் வெளிவந்ததைத் தவிர, அவர் பெயரோடு அந்நூல் அச்சேறியது 1867-இல்தான், அதுவும் இந்தச் சென்னையில். நன்கொடை அனுப்பும் பக்தர்களுக்கு, இருளில் கிடக்கும் மக்களைப் பற்றிய செய்திகள் வேண்டியிருந்தன. அந்த மக்களுக்கும் ஒழுங்கான ஒரு சமய அறிவு உண்டு என்ற செய்தியால் அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பேய் என்ற ஏச்சு அப்படியென்றால், ஞானம் என்ற புகழ்ச்சி எப்படிப் பிறந்தது? 1760-இல் எசூர்வேதம் என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் படியொன்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் கைக்கு வந்தது. பழைமையான இந்திய வேதத்தின் விளக்கம் என்று அதை நம்பிய அவர், அடுத்த ஆண்டே பாரிசிலுள்ள அரச நூலகத்துக்கு அதைக் கொடுத்தார். விவிலியத்துக்கு முன்பே, பாதிரிகளின் துணையில்லாமலே, மனிதர்கள் ஒரே கடவுளைப் பகுத்தறிவோடு வணங்கியிருக்கிறார்கள் என்று காட்டி, தம் நாட்டுத் திருச்சபையை மடக்க அது அவருக்குப் பயன்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த நூல் பாண்டிச்சேரி இயேசு சபைப் பாதிரிமார்களின் வட்டத்திலேயே உருவானது. இங்குள்ள மக்களைக் கிறித்தவத்தின் பக்கம் இழுக்க, வேதம் போலவே எழுதப்பட்ட போலி. பாதிரிகளை எதிர்க்கப் பாதிரிகள் எழுதிய நூலையே வால்டேர் ஆயுதமாக எடுத்திருக்கிறார். பாண்டிச்சேரியில் அந்தக் கையெழுத்துப் படிகளைத் தேடிப் பார்த்து உண்மையை வெளிக்கொண்டுவந்தவர், திருக்குறளில் தோய்ந்த நம் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். அவருடைய ஆய்வு 1822-இல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இதே நடைமுறைதான். இந்தியாவில் கால் வைக்காமலும் இந்திய மொழி எதையும் அறியாமலும் 1817-இல் இந்திய வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் மில், அவ்விரண்டையும் குறையாகவே கருதவில்லை. பௌத்தத்தைப் பற்றி எழுதிய விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களுக்குப் புத்தர் ஒரு லூதராகவும், பிராமணர்கள் ரோமானியக் குருமார்களாகவும் தெரிந்தார்கள். சடங்கில்லாத, அமைதியான, தனிமனிதர் கண்மூடி அமரும் பௌத்தம் ஒன்று நூல்களிலிருந்து திரட்டி எடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் பலரும் இன்றும் அதையே பௌத்தம் என்று எண்ணுகின்றனர். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கி, பெரம்பூர் வரை கிளை பரப்பிய சாக்கிய பௌத்த சங்கத்தை இந்தச் சட்டகத்துக்குள் எங்கே வைப்பது? அங்கே பௌத்தம் என்பது சாதி இழிவைத் துடைக்கும் வரலாற்று உரிமையாக இருந்தது. பண்டிகைகளுக்குப் புதுப் பொருள் சொல்வதாகவும், 1907 முதல் வாரந்தோறும் வெளிவந்த பத்திரிகையாகவும், தமிழ் நூல்களைத் திரும்பப் படிப்பதாகவும் இருந்தது. இவை எதுவும் கண்ணை மூடி அமர்ந்து செய்கிற காரியமல்ல.

இந்தியச் சமயங்கள் உலகை வெறுத்து ஒதுங்கச் சொல்கின்றன என்ற மற்றொரு பழைய கருத்தும் இவ்வாறே நிலைத்தது. மாக்ஸ் வெபர் போன்ற பேரறிஞர் அதற்குச் சமூகவியல் உருவம் கொடுத்தார். அவரும் இங்கு வந்ததில்லை. ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் வளர்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடிய வள்ளலார், 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பைப் பற்றி நான் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம்மைப் போற்றியவர்கள் என்று அன்பர்கள் பெருமையோடு எடுத்துரைப்போரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ரிக்வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. நடராசர் வடிவத்தைப் பற்றி உருகி எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரோதின் பார்த்தது, சென்னை அருங்காட்சியகத்து வெண்கலங்களின் புகைப்படங்களைத்தான். அதனால் அவருடைய வியப்பு பொய்யாகிவிடாது. ஆனால் அது ஒரு கலைஞரின் வியப்பு, சமயத்தைப் பற்றிய சான்றிதழ் அன்று. இங்கேயே பிறந்து வளர்ந்தால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. பெல்காமில் பிறந்து, பம்பாயில் பணியாற்றி, இந்தியக் கைவினைகளுக்காகப் பரிந்து பேசிய ஜார்ஜ் பேர்ட்வுட், 1910-இல் லண்டன் கூட்டமொன்றில் தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையைக் கொழுப்பிட்டு வேகவைத்த புட்டோடு ஒப்பிட்டார். கைவினையை மெச்சியவருக்கு அதே கையிலிருந்து உயர்ந்த சிற்பமும் பிறக்கும் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பியர் சொன்ன குறைகள் எல்லாவற்றையும் பழைய வார்ப்பு என்று ஒதுக்கிவிடலாம் என எழுதியிருக்கும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தீண்டாமையை ஐரோப்பியர் கற்பனை செய்யவில்லை. கோயில் வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பயணியின் நூலும் தேவைப்படவில்லை. சமயத்தின் பெயரால் நடந்த கொடுமையைச் சுட்டுகிறவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதைவிட, சுட்டப்பட்டது உண்மையா என்று பார்ப்பதே முறை. நான் குறைசொல்வது வேறொன்றை: ஒரு தெருவில் நடப்பதைப் பார்க்காமலே, அல்லது பார்த்தும் அதில் தமக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, முழுச் சமயத்துக்கும் தீர்ப்பு எழுதுவதை.

அந்தத் துண்டு எப்படி வெட்டப்படுகிறது என்பதை ஆடி மாதத்தில் எங்கள் பகுதியிலேயே பார்க்கலாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் வேப்பிலைத் தோரணம் கட்டியாயிற்று என்றால், முதல் நாளே பெண்கள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துவிடுவார்கள். மறுநாள் நொய் சேர்த்துக் காய்ச்சிய கூழ், பெரிய அண்டாக்களில் அம்மன் கோயில் முன்னால் வந்து இறங்கும். சின்ன வெங்காயமும் மோரும் விட்டுக் கரைத்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ளக் கொடுத்து, சொம்பும் தூக்குமாக வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஊற்றுவார்கள். வரிசையில் நிற்பவர் எந்தத் தெரு, எந்த மதம் என்று ஊற்றுகிறவர் கேட்பதில்லை. அன்று மாலை அலகு குத்திக்கொள்வோரும் சிலர் வருவார்கள். வெளிநாட்டுப் பயணிகளின் கேமராக்கள் அதுவரை உறையிலேயே இருக்கும். கன்னத்தில் வேல் ஏறும் நேரத்தில்தான் வெளியே வரும். கேழ்வரகும் வெங்காயமும் தங்கள் நாட்டில் எவருக்கும் அதிசயமாகத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது தங்கள் நாளிதழையும் விட்டுவிட முடியவில்லை, பொறுத்தருள வேண்டும். ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் தங்கள் பக்கங்களில் வரும் வடசென்னைப் படமும் அதே வேல், அதே கன்னம், அதே கோணம். படத்தின் கீழ், பக்திப் பரவசத்தில் பக்தர்கள் என்று ஒரு வரி. கத்தியும் ரத்தமும் இல்லாமல் எங்கள் பகுதியைக் காட்டத் தெரியாத திரைப்படங்களுக்கு நாங்கள் பழகிவிட்டோம். நாளிதழும் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் தங்கள் புகைப்படக்காரரை அரண்மனைக்காரத் தெருவிலுள்ள அந்தோனியார் திருத்தலத்துக்கு அனுப்பிப் பாருங்கள். நெற்றியில் குங்குமத்தோடு மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்களை இந்து என்ற கட்டத்தில் போடுவதா, கிறித்தவர் என்ற கட்டத்தில் போடுவதா என்று ஆங்கிலேய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் திண்டாடியிருப்பார்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தரங்கம்பாடியைச் சுற்றியிருந்த தமிழர்களிடம் கேள்விகளை எழுத்தில் கேட்டு, வந்த விடைகளை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் 99 கடிதங்கள் அங்கே அச்சாயின. நம் சமயத்தைப் பற்றி ஐரோப்பியர் கேட்க, தமிழரே பதில் சொன்ன ஆவணம் அது. பதில் சொன்னவர்கள் சும்மா இருக்கவுமில்லை. மாட்டிறைச்சி தின்பது, குடிப்பது, தூய்மை பேணாதது என்று ஐரோப்பியக் கிறித்தவர்களின் நடத்தையை எடுத்துச் சொல்லித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு அறிஞர்களின் பொன்மொழிகளுக்கு ஒதுக்கும் அரைப்பக்கத்தை, ஜெர்மன் அறிந்த தமிழாசிரியர் ஒருவரின் துணையோடு, வாரம் ஒரு கடிதமாக இவற்றுக்குக் கொடுத்தால் என்ன? கடிதம் எழுதியவர்களின் குரலோடு, அதன் ஓரத்தில் ஹாலே பதிப்பில் சேர்க்கப்பட்ட குறிப்புகளையும் அப்படியே வெளியிடுங்கள். எது நம்மவர் சொன்னது, எது அங்கே ஒட்டப்பட்டது என்பதை வாசகர்கள் தாமே பிரித்துப் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81